என்ஜினை மாற்றுவதற்கு முன் ஹெட்டைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: அண்ணா, எங்களிடம் 2012 மாடல் மாருதி ஆம்னி இருக்கிறது. அப்பா ஷோரூமில் புதிதாக வாங்கிய வண்டி, 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அம்மாவை மாதம் இரண்டு முறை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக இதைத்தான் நம்பியிருக்கிறோம். போன மாதம் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும்போது, குஞ்சப்பனை தாண்டியதும் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விட்டது. ஓரங்கட்ட இடம் தேடி இரண்டு வளைவு ஓட்டிவிட்டேன். அங்கே இருந்தவர்கள் உடனே ரேடியேட்டரில் ஓடைத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து பிக்கப் இல்லை, தண்ணீர் குறைகிறது, காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு நிமிடம் உதறுகிறது, வெள்ளைப் புகை வருகிறது. ஆயில் ஊற்றும் மூடிக்கு அடியில் பால் ஆடை மாதிரி படிந்திருக்கிறது. இதற்கு முன்பிருந்தே, மலை இறங்கி மேட்டுப்பாளையத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் கொஞ்சம் நீலப் புகை வரும். ஒரு மெக்கானிக் கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு, கம்ப்ரஷன் போய்விட்டது, 35,000 ரூபாய்க்குப் பழைய என்ஜின் வாங்கி மாட்டலாம் என்கிறார். இன்னொருவர் என்ஜினை இறக்கி போர் அடித்து (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து) முழு வேலை செய்ய 48,000 ஆகும் என்கிறார். எதைச் செய்வது? (இரண்டு வருடம் முன்பு, மலை வண்டிக்குத் தேவையில்லை என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார்கள். கூலன்ட் ஊற்றுவதில்லை, தண்ணீர்தான்.)
— கோத்தகிரி வாசகி

பதில்: அண்ணா என்று எழுதியிருக்கிறீர்கள், நானும் தங்கச்சி என்றே எழுதுகிறேன். இரண்டு பேர் சொன்னதில் எதற்கும் இன்னும் தலையாட்டாதீர்கள். இரண்டு பேருமே ஹெட்டைக் கழற்றாமல் விலை சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், உங்கள் என்ஜினில் கீழ்ப்பாதி நன்றாக இருக்கவே வாய்ப்பு அதிகம். போயிருப்பது ஹெட் கேஸ்கட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு), கூடவே ஹெட் கொஞ்சம் வளைந்திருக்கலாம். அப்படியானால் 48,000 ரூபாய் வேலையும் தேவையில்லை, யாரோ ஓட்டிக் கழித்த என்ஜினும் தேவையில்லை.

ஏன் அப்படி நினைக்கிறேன் என்று சொல்கிறேன். ஆம்னியில் இருப்பது மாருதி 800-ல் வந்த அதே குடும்பத்து 796 சி.சி. மூன்று சிலிண்டர் என்ஜின். சிலிண்டர்கள் இருக்கும் கீழ்ப்பாதியான பிளாக் வார்ப்பிரும்பு, மேலே உட்காரும் ஹெட் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். கொதித்துக்கொண்டிருக்கும் என்ஜினில் குளிர்ந்த ஓடைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட்டின் ஒரு பக்கம் சட்டென்று சுருங்கும், மறுபக்கம் சூடாகவே நிற்கும். முதலில் வளைவது அதுதான். வளைந்தபின் கேஸ்கட்டை அழுத்திப் பிடிக்க முடியாது. தண்ணீர் ஓடும் வழிக்கும் சிலிண்டருக்கும் நடுவே ஒரு மயிரிழை வழி திறந்துகொள்ளும். இரவில் வண்டி நிற்கும்போது அந்த வழியாகச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கும். காலையில் அந்த ஒரு சிலிண்டர் எரியாது. அதுதான் உங்கள் ஒரு நிமிட உதறல். உங்களுக்கு உதவியவர்கள் நல்ல மனதோடுதான் செய்தார்கள், நீங்களும் பதறியிருப்பீர்கள். இனி ஒருமுறை அப்படி நடந்தால் ஓரங்கட்டி என்ஜினை நிறுத்திவிட்டு அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். மூடியைத் தொட வேண்டாம், கையும் முகமும் வெந்துபோகும்.

இதை உறுதிப்படுத்த ஒரு வழி இருக்கிறது, காசு செலவில்லை. டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) டீ நிறம் இல்லை என்று பார்த்துவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்து அந்த உதறல் வந்ததும் நிறுத்தி, முன் சீட்டைத் தூக்கி மூன்று பிளக்கையும் கழற்றச் சொல்லுங்கள். கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியில் வைக்கச் சொல்லுங்கள். நன்றாக எரியும் சிலிண்டரின் பிளக், முனையில் பிஸ்கட் நிறத்தில் காய்ந்து இருக்கும். தண்ணீர் புகுந்த சிலிண்டரின் பிளக் மட்டும் ஆவியில் கழுவியதுபோல வெள்ளையாக, கடையிலிருந்து வந்ததுபோல இருக்கும். சில சமயம் ஈரமே தெரியும். அந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தால் மெக்கானிக் வேலை தெரியாதவருக்கும் புரிந்துவிடும். அதோடு, ஆறிய என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்து பாருங்கள். குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் எரிந்த வாயு தண்ணீருக்குள் போகிறது என்று அர்த்தம்.

இனி, உங்களைப் பயமுறுத்திய மற்ற அறிகுறிகள். மலையில் வண்டி ஓட்டுபவர்கள் எல்லோருக்கும் இது பயன்படும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அந்த கம்ப்ரஷன் கேஜ், அதாவது பிஸ்டன் சிலிண்டருக்குள் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று காட்டும் கருவி. கேஜ் பொய் சொல்லாது. ஆனால் அது எந்த உயரத்தில் நின்று சொல்கிறது என்று பார்க்க வேண்டும். கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். பிஸ்டன் அழுத்துவதற்குக் கிடைக்கும் காற்றே குறைவு. கடற்கரையில் 13 (சதுர சென்டிமீட்டருக்கு 13 கிலோ) காட்டும் ஒரு நல்ல என்ஜின் உங்கள் வாசலில் பத்தரைக்கு மேல் காட்டாது. புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணை வைத்துக்கொண்டு பார்த்தால் நீலகிரியில் ஓடும் நல்ல என்ஜின்களில் பாதி செத்த என்ஜின்தான்.

நானே இதில் ஒரு குடும்பத்துக்கு வீண் செலவு வைத்திருக்கிறேன். தனியாகப் பட்டறை போட்ட புதிதில், ஊட்டியில் ஒரு வண்டிக்கு கேஜ் வைத்துப் பார்த்துவிட்டு, கம்ப்ரஷன் இல்லை என்று என்ஜினை இறக்கி கோயம்புத்தூருக்கு அனுப்பினேன். லேத்காரர் அளந்து பார்த்துவிட்டு, போர் ஸ்டாண்டர்டிலேயே, கம்பெனி அளவிலேயே இருக்கிறது, எதற்குக் கொண்டுவந்தாய் என்று கேட்டார். வண்டிக்காரர் ஒரு சிறு விவசாயி. இறக்கிய கூலியை நான் வாங்கவில்லை, ஆனாலும் அவர் இழந்த பத்து நாள் வருமானத்தை என்னால் திருப்பித் தர முடியவில்லை. அதற்கப்புறம் மலையில் எந்த என்ஜினுக்கும் நான் ஒரு எண்ணை மட்டும் பார்த்து முடிவு சொன்னதில்லை.

பார்க்க வேண்டியது மூன்று சிலிண்டருக்கும் இடையே உள்ள வித்தியாசம். மூன்றும் பத்துக்குப் பக்கத்தில் இருந்தால் உங்கள் ஊரில் அது நல்ல என்ஜின். ஒன்று மட்டும் 6 காட்டினால் அந்த ஒன்றில்தான் கோளாறு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் அநேகமாக நடுவில் கேஸ்கட் வெடித்திருக்கிறது. குறைந்த சிலிண்டருக்குள் பிளக் துளை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். எண் ஏறினால் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறவில்லை என்றால் வால்விலோ கேஸ்கட்டிலோ கசிவு. கால் மணி நேர வேலை இது. அந்த மெக்கானிக் மூன்று எண்களையும் உங்களிடம் சொன்னாரா? சொல்லவில்லை என்றால் மறுபடி வைத்துப் பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்பதில் தப்பில்லை, வண்டி உங்களுடையது.

ஆயில் மூடிக்கு அடியில் பால் ஆடை. சமவெளியில் இதைப் பார்த்தால் நானும் கேஸ்கட் என்றுதான் சொல்வேன். குளிர் ஊரில் அப்படிச் சட்டென்று சொல்ல முடியாது. வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து வீட்டுக்கு என்று இரண்டு கிலோமீட்டர் ஓடும் வண்டியில் என்ஜின் சூடாகவே ஆகாது. உள்ளே உண்டாகும் நீராவி மூடியில் குளிர்ந்து ஆயிலோடு கலந்து இப்படிப் படியும். என்ஜின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டும் உங்கள் வண்டியில் இல்லாததால் என்ஜின் இரண்டு வருடமாக அரைச் சூட்டிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே மூடியை விட்டுவிட்டு டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். அதில் ஆயில் ஆயிலாக இருந்தால் பயம் வேண்டாம். டிப்ஸ்டிக்கிலேயே டீ நிறம் தெரிந்தால் தண்ணீர் ஆயில் சம்ப்புக்குள் (அடியில் ஆயில் தங்கும் தொட்டி) இறங்கிவிட்டது. அப்போது வண்டியை ஸ்டார்ட்கூடச் செய்யாதீர்கள். தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்குகளைக் காப்பாற்றாது. கேஸ்கட்டோடு முடிய வேண்டிய செலவு, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் வரைக்கும் போய்விடும்.

வெள்ளைப் புகையும் அப்படித்தான். கோத்தகிரி குளிரில் காலையில் எல்லா வண்டியும் ஆவி விடும். சூடானபின் நின்றுவிட்டால் அது புகையே இல்லை. உங்களுக்கு ரேடியேட்டரில் தண்ணீரும் குறைவதால்தான் நான் கேஸ்கட் பக்கம் சாய்கிறேன்.

நீலப் புகையைப் பற்றி நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி எனக்கு மிகவும் உதவியது. இறக்கத்தில் கியரில் இறங்கும்போது ஆக்ஸிலரேட்டர் மூடியிருக்கும், என்ஜின் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே உறிஞ்சும் வேகம் மிக அதிகம். வால்வ் தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கும் வால்வ் சீல் கெட்டிப்பட்டு வெடித்திருந்தால் அந்த உறிஞ்சலில் மேலே இருக்கும் ஆயில் வால்வ் தண்டு வழியாக உள்ளே இழுக்கப்படும். கீழே வந்து மிதித்ததும் அது எரிந்து நீலமாக வரும். ரிங் போயிருந்தால் ஏற்றத்தில் பாரத்தோடு மிதிக்கும்போது புகை தள்ளும். ஏற்றத்தில் புகை இல்லை, இறக்கத்துக்குப் பிறகு மட்டும் இருக்கிறது என்றால் வால்வ் சீலைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். ஹெட் கழற்றும்போது அதையும் சேர்த்து மாற்றிவிடலாம். (புகைக்குப் பயந்து நியூட்ரலில் மட்டும் இறங்கிவிடாதீர்கள். அந்த வளைவுகளில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் உயிருக்கே ஆபத்து.)

சரி, செய்ய வேண்டியதற்கு வருவோம். ஹெட்டை மட்டும் இறக்கச் சொல்லுங்கள். கூலியை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். இறக்கும் அன்று நீங்களோ வீட்டில் ஒருவரோ பக்கத்தில் இருப்பது நல்லது. ஹெட்டின் அடிப்பக்கத்தைத் துடைத்துச் சுத்தம் செய்தபின் அதன் மேல் ஒரு நேர்ச்சட்டத்தை நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைப்பார்கள். சட்டத்துக்கும் ஹெட்டுக்கும் நடுவே ஃபீலர் கேஜின் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) 0.05 மில்லிமீட்டர் தகடு நுழையக்கூடாது. ஒரு தலைமுடியின் தடிமனுக்கும் குறைவான தகடு அது. நுழைந்தால் ஹெட் வளைந்திருக்கிறது, கோயம்புத்தூருக்கு அனுப்பி ஃபேசிங் அடிக்க (அடிப்பக்கத்தை மட்டமாகச் சீவ) வேண்டும். அனுப்பும்போதே வெடிப்பு இருக்கிறதா என்று காற்றழுத்தம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். வால்வ் நடுவில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் ஃபேசிங் அடித்தும் பயனில்லை.

ஹெட் இல்லாதபோது மூன்று போரும் திறந்திருக்கும். விரல் நகத்தால் போரின் மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழே தடவிப் பாருங்கள். ரிங் வந்து திரும்பும் இடத்தில் படி மாதிரி நகம் தட்டுகிறதா? சுவரில் மேலிருந்து கீழாகக் கோடு விழுந்திருக்கிறதா? இரண்டும் இல்லாமல், ஹோனிங் செய்த (கல்லால் தேய்த்த) குறுக்குக் கோடுகள் இன்னும் தெரிந்தால் கீழ்ப்பாதியைத் தொடவே வேண்டாம். வால்வ் லேப்பிங் (வால்வைத் தேய்த்துக் கசியாமல் உட்காரவைப்பது), புதிய வால்வ் சீல், நல்ல கேஸ்கட், டைமிங் பெல்ட், தெர்மோஸ்டாட். ஹெட் போல்ட்டை டார்க் ரெஞ்ச் (முறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று சுற்றில் முறுக்கச் சொல்லுங்கள். கை கணக்கு வேண்டாம். அவ்வளவுதான் வேலை.

நகம் தட்டினால் அல்லது கோடு விழுந்திருந்தால், அப்போது என்ஜினை இறக்குவதுதான் சரி. அந்த நிலையிலும் நான் உங்கள் என்ஜினைச் சரிசெய்வதையே சொல்வேன், பழைய என்ஜினை அல்ல. உங்கள் பிளாக்கின் வரலாறு உங்கள் வீட்டுக்குத் தெரியும். வரப்போகும் என்ஜினின் வரலாறு யாருக்கும் தெரியாது. ஆனால் வேலை முறையாக நடக்க வேண்டும். இந்த என்ஜினின் போர் 68.5 மில்லிமீட்டர். லேத்தில் ஒரு சிலிண்டருக்கு மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், இரண்டு திசையில் அளப்பார்கள். ஆறு அளவு, மூன்று சிலிண்டருக்குப் பதினெட்டு. அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். வித்தியாசம் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டினால் 0.25 அல்லது 0.50 ஓவர்சைஸுக்கு போர் அடிக்க வேண்டும். பிஸ்டனை முதலில் வாங்கிக் கையில் கொடுத்து, அதை அளந்து அதற்குத் தகுந்தபடி போர் அடிக்க வேண்டும், மாற்றிச் செய்யக்கூடாது. கிராங்கையும் அளக்க வேண்டும். தேய்ந்த போரில் புது ரிங் மட்டும் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வட்டம் கெட்ட போரில் வட்டமான ரிங் உட்காராது, ஆறு மாதத்தில் திரும்பவும் புகை வரும்.

லேத்திலிருந்து பிளாக் வந்ததும் அதை வெந்நீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். பல பட்டறைகளில் பெட்ரோலில் துடைத்துவிட்டு மாட்டிவிடுகிறார்கள். ஹோனிங் கல்லின் தூள் பெட்ரோலுக்குப் போகாது, சோப்பு நுரைக்குத்தான் வரும். கழுவிக் காயவைத்தபின் வெள்ளைத் துணியில் கொஞ்சம் ஆயில் நனைத்து போருக்குள் துடைப்பேன். துணி சாம்பல் நிறமானால் மறுபடி கழுவு. துணி வெள்ளையாகவே வெளியே வரும்வரை என் பட்டறையில் பிஸ்டன் உள்ளே போகாது. பையன்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பதே இந்தத் துணியைத்தான்.

பழைய என்ஜினுக்குப் போக வேண்டிய நிலைமையும் உண்டு. பிளாக் வெடித்திருந்தால், கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கைக் குத்தியிருந்தால் வேறு வழியில்லை. அப்படியானால் ஆம்னி எம்.பி.ஐ. (பெட்ரோலை இன்ஜெக்டர் பீய்ச்சும் வகை) என்ஜினையே தேடுங்கள். 800 என்ஜின் ஒரே குடும்பம்தான் என்றாலும் அதில் குறுக்காக உட்காரும், ஆம்னியில் நீளவாக்கில். மவுன்டிங், சம்ப் எல்லாம் மாறும். பெயின்ட் அடித்துப் பளபளக்கும் என்ஜினை விடத் தூசி படிந்ததையே நான் நம்புவேன். என்ஜின் நம்பர் தெளிவாக, அழித்துப் பதித்த அடையாளம் இல்லாமல் இருக்க வேண்டும். பில்லும், அந்த என்ஜின் இருந்த வண்டியின் ஆர்.சி. நகலும் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். மாட்டியபின் 14 நாளுக்குள் ஊட்டி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் புது நம்பரை ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால் நாளைக்கு இன்ஷூரன்ஸ் கேட்கும்போது சிக்கல் வரும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். 2012 மாடல் என்றால் 2027-ல் 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. நம் மலை ஈரத்துக்கு ஆம்னியின் தரைத்தகடும் ஸ்லைடிங் கதவின் தடமும் சீக்கிரம் துரு பிடிக்கும். வண்டியைத் தூக்கி அடியில் ஸ்க்ரூடிரைவரால் தட்டிப் பாருங்கள். உள்ளே இறங்கினால் என்ஜினுக்குப் பெரிய தொகை போடுவதை மறுபடி யோசிக்க வேண்டும். ஹெட் வேலை மட்டும் என்றால் தாராளமாகச் செய்யலாம்.

வண்டி ஏன் சூடானது என்பதைக் கண்டுபிடிக்காமல் எதையும் மாட்டாதீர்கள். இதை நான் எத்தனை முறை சொன்னாலும் போதாது. புது என்ஜினே வைத்தாலும் அடைத்த ரேடியேட்டர் அதையும் வேகவைக்கும். இத்தனை நாள் தண்ணீர் மட்டும் ஊற்றியதால் ரேடியேட்டர் குழாய்களில் துரு சேறாகப் படிந்திருக்கும். ஃபேன் சரியான சூட்டில் ஓடுகிறதா? லாரிக்குப் பின்னால் முதல் கியரில் ஏறும்போது ரேடியேட்டருக்குக் காற்று கொடுப்பது அந்த ஃபேன் மட்டும்தான். அப்புறம் மூடி. கோத்தகிரி உயரத்தில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். 0.9 என்று பொறித்த நல்ல மூடி அழுத்திப் பிடித்தால் அதே தண்ணீர் ஏறக்குறைய 115 டிகிரி வரை தாங்கும். ரப்பர் தேய்ந்த மூடி இருந்தால் அந்த இருபது டிகிரியும் போச்சு. மலை வண்டிக்கு இதைவிட மலிவான காவல் கிடையாது. தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள், பாதிக்குப் பாதி கூலன்ட் ஊற்றுங்கள்.

வண்டி சரியாகும்வரை அதில் அம்மாவை ஏற்றி மலை இறங்க வேண்டாம். இந்த மாதம் பஸ்ஸிலோ டாக்ஸியிலோ போய் வாருங்கள். ஹெட் இறங்கிய அன்று மூன்று கம்ப்ரஷன் எண், ஃபீலர் கேஜ் எங்கே நுழைந்தது, போரில் நகம் தட்டியதா, இவற்றை ஒரு தாளில் எழுதி, வரிசையாக வைத்த மூன்று பிளக்கின் படத்தோடு எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு அடுத்தது என்ன என்று சொல்கிறேன்.